இன்ஜினில் கூடு கட்டிய குளவி

என்னைக் கொட்டாத ஜந்து எங்கள் குப்பத்தில் பாக்கி கிடையாது. கடலில் குளிக்கும்போது சொறிமீன் பட்டுத் தொடை முழுக்கத் தடித்துப் போய்ப் படுத்திருக்கிறேன். கெளுத்தி முள் குத்தி ஒரு வாரம் நொண்டியிருக்கிறேன். வலையில் இருக்கிற நண்டு கவ்வியதெல்லாம் கணக்கிலேயே சேராது. ஆனால் அவையெல்லாம் தண்ணீரில் இருக்கிற விரோதிகள். அவற்றோடு எங்கள் ஜனத்துக்குப் பழக்கம் உண்டு. எதை எங்கே பிடித்தால் கொட்டாது என்பது நடை பழகிய பிள்ளைக்கே தெரியும். பறந்து வந்து கொட்டுகிறவை விஷயத்தில்தான் நாங்கள் சுத்த மக்குகள். கடற்காற்றுக்குப் பயந்தோ என்னவோ அவை எங்கள் பக்கம் அவ்வளவாக வருவதில்லை. வந்த ஒரு தடவை எங்கள் வீட்டையே ஆட்டி வைத்துவிட்டன. அதற்கெல்லாம் காரணம் ஒன்பது வயது நான்தான். இது வீட்டில் இன்றுவரைக்கும் ஒருத்தருக்கும் தெரியாது. தெரிந்த ஒருத்தி சொல்லவில்லை.

அவள் என் சித்தி. நைனாவின் தம்பி பெண்டாட்டி. எங்கள் வீடும் சித்தப்பா வீடும் ஒரே சுவரை நடுவில் வைத்துக் கட்டியவை. இந்தப் பக்கம் தும்மினால் அந்தப் பக்கத்திலிருந்து "நூறு" என்று வாழ்த்து வரும். சித்தி ஏரிக்கு அந்தப் பக்கத்துக் குப்பத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். சிரித்தால் மீன் ஏலம் போடுகிற இடம்வரைக்கும் கேட்கும். எனக்குத் தலை வாரிப் பின்னுவது, பள்ளிக்கூடத்தில் கையெழுத்துப் போடுவது, அம்மா அடிக்க வந்தால் குறுக்கே விழுவது எல்லாம் அவள்தான். கல்யாணமாகி ஆறு வருஷம் ஆகியும் அவளுக்குப் பிள்ளை இல்லை. ஊரே அதற்காக உச்சுக் கொட்டியது. எனக்கு மட்டும் அதில் துளிக்கூட வருத்தம் இல்லை. பிள்ளை இருந்திருந்தால் அந்த மடியில் எனக்கு எங்கே இடம் கிடைத்திருக்கும்?

அத்தை, அதாவது நைனாவுக்கும் சித்தப்பாவுக்கும் மூத்த அக்கா, நாலு வீடு தள்ளி இருந்தாள். வெள்ளிக்கிழமை தவறாமல் வருவாள். வந்து உட்கார்ந்து காப்பி குடித்துவிட்டு, தன் வீட்டுக்காரர் வழியில் இருக்கிற ஒரு பெண்ணைப் பற்றி ஆரம்பிப்பாள். அந்தப் பெண் நன்றாகச் சமைப்பாளாம், கை ராசியாம், அவள் அம்மா ஏழு பெற்றவளாம். இதையெல்லாம் சித்தி காதுபடவே சொல்வாள். அத்தையைக் கெட்டவள் என்று சொல்ல மாட்டேன். தம்பிக்கு ஒரு வாரிசு இல்லாமல் போய்விடுமே என்று அவளுக்கு நிஜமாகவே தூக்கம் வரவில்லை. அந்தத் தூக்கத்தைத்தான் அவள் சித்தியிடமிருந்து எடுத்துக்கொண்டாள். சித்தப்பா அப்போதெல்லாம் வலை ஊசியை எடுத்துக்கொண்டு, கிழியாத வலையைக்கூடத் தைத்துக்கொண்டிருப்பார். ஆமாம் என்றும் சொல்ல மாட்டார், இல்லை என்றும் சொல்ல மாட்டார்.

அந்தக் கோடையில் சித்தப்பாவின் பைபர் படகுக்கு அடிப்பக்கம் விரிசல் விட்டிருந்தது. படகை மணலில் ஏற்றிக் கவிழ்த்துவிட்டு, இன்ஜினைக் கழற்றி நாலு பேராகத் தூக்கி வந்து வீட்டுக்குப் பின்னால் இருக்கிற ஓலைச் சாய்ப்பில் வைத்தார்கள். நல்ல தண்ணீர் விட்டுக் கழுவி, எண்ணெய் பூசி, நீலத் தார்ப்பாயைப் போட்டு மூடி, மேலே பழைய வலையைச் சுற்றிக் கட்டினார்கள். பள்ளிக்கூடம் லீவு. சாய்ப்புக்கு எதிரே மணலில் காய்கிற கருவாட்டைக் காக்கையிடமிருந்து காப்பாற்றுவது என் உத்தியோகம். கையில் ஒரு குச்சியோடு நாள் முழுக்க உட்கார்ந்திருப்பேன்.

அப்படி உட்கார்ந்திருக்கும்போதுதான் பார்த்தேன். இடுப்பு ஒடிந்து விழுகிற மாதிரி மெலிந்த ஒரு பூச்சி, காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்து, தார்ப்பாயில் இருந்த ஒரு கிழிசலுக்குள் நுழைந்தது. கொஞ்ச நேரத்தில் வெளியே வந்து போயிற்று. மறுபடியும் வந்தது. காக்கை விரட்டுவதைவிட இது சுவாரசியமாக இருந்தது. உள்ளே மீன் அரிந்துகொண்டிருந்த சித்தியிடம் போய்ச் சொன்னேன்.

"சித்தி, குளவி ஒண்ணு இன்ஜினுக்குள்ள பூந்துக்கினே கீது."

அரிவாள்மனையிலிருந்து அவள் கை அப்படியே எழுந்து நின்றுவிட்டது.

"குளவியா? மண்ணு எடுத்துனு போச்சா?"

நான் முழித்தேன்.

"வாயில மண்ணு இருந்துச்சாடி? நல்லா நெனச்சிப் பாத்துச் சொல்லு, என் கண்ணுல்ல."

குளவி வீட்டில் மண் கொண்டு வந்து கூடு கட்டினால் அங்கே ஒரு பெண் உண்டாவாள் என்று எங்கள் பக்கத்தில் நம்பிக்கை. பிள்ளை பிறக்கும்வரை கூட்டை யாரும் கலைக்கக் கூடாது. செம்மண் என்றால் பெண் பிள்ளை, களிமண் என்றால் ஆண் பிள்ளை என்று உபபிரிவுகளும் உண்டு. இது எதுவும் அப்போது எனக்குத் தெரியாது. நான் மண்ணும் பார்க்கவில்லை, ஒன்றும் பார்க்கவில்லை. ஆனால் சித்தியின் முகம் இருந்த இருப்புக்கு, இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பரீட்சையில் டீச்சரே விடையைச் சொல்லிக் கொடுத்துவிட்டு, சரியா என்று கேட்டால் நாம் என்ன சொல்வோம்?

"ஆமா சித்தி. மண்ணு எடுத்துனு போச்சி."

"இன்னா மண்ணு? செவப்பா, கருப்பா?"

ஏரிச் சேறு கருப்பாக இருக்கும், எங்கள் ஊரில் சிவப்பு மண்ணைப் பார்க்கவே முடியாது. அதனால் யோசித்து, "கருப்பு" என்றேன். பொய் சொல்வதிலும் எனக்கு ஒரு நேர்மை இருந்தது.

சித்தி கையைக்கூடக் கழுவவில்லை. மீன் செதிலோடு என் இரண்டு கன்னத்தையும் பிடித்துக்கொண்டாள். அப்புறம் முந்தானையிலிருந்து காசு அவிழ்த்து, போய் சேமியா ஐஸ் வாங்கிக்கோ என்றாள். "யார் கிட்டயும் நீ சொல்லிக்கினு திரியாத, நானே சொல்லிக்கறேன்" என்றும் சொன்னாள்.

அன்றிலிருந்து நான் அவளுக்குத் தனிச் செய்தியாளர் ஆனேன். "இன்னிக்கி மூணு தபா மண்ணு எடுத்தாந்துச்சி சித்தி." "இன்னிக்கி பெரிய உருண்டை சித்தி, தூக்க முடியாம தூக்கினு வந்துச்சி." சொல்லச் சொல்ல எனக்கே அது கண்ணில் தெரிய ஆரம்பித்தது. கருப்பாக, ஈரமாக, மிளகு பெரிசில் ஓர் உருண்டை. சித்தி தினமும் காலையில் தார்ப்பாயின் ஓரத்தில் மஞ்சள் குங்குமம் வைத்தாள். இன்ஜினுக்குப் பூஜை போடுவது எங்கள் ஊரில் புதிசில்லை என்பதால் யாரும் முதலில் ஏன் என்று கேட்கவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை அத்தை வந்து, வழக்கம்போல அந்தப் பெண் பேச்சை எடுத்தாள். சித்தி ஆறு வருஷத்தில் முதல் தடவையாகப் பதில் சொன்னாள்.

"பின்னாடி இன்ஜின்ல குளவி கூடு கட்டுது அண்ணி. மண்ணு கொண்டாந்து கட்டுது. ஆடி முடியற வரைக்கும் பொறுத்துக்குங்க. அதுக்குள்ள ஒண்ணும் தெரியலன்னா நானே தாம்பாளத்தட்டு தூக்கினு வந்து அந்தப் பொண்ணக் கேக்கறேன்."

அத்தை சித்தியை மேலும் கீழும் பார்த்தாள். "செரி. நீ சொன்ன பேச்சு, நீயே ஞாபகம் வெச்சிக்கோ" என்று எழுந்து போனாள். சித்தப்பாவின் ஊசி வலையிலேயே நின்றுவிட்டது. அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "இன்னாமே, இப்படி வாய வுட்டுட்டே" என்றாள். எனக்கு அந்தத் தாம்பாளத்தட்டில் ஆப்பிள் வைப்பார்களா என்பதுதான் சந்தேகமாக இருந்தது.

சரி, குளவிகளுக்கு வருவோம். ஒன்று இரண்டாயிற்று, இரண்டு ஏழெட்டாயிற்று. முதலில் பலியானது நைனா. சாய்ப்பில் தொங்குகிற மிதவைக் கட்டையை எடுக்கப் போனவர் காதில் ஒன்று வைத்தது. காது பணியாரம் போல உப்பிவிட்டது. நைனா கத்திய கத்தலில் கருவாட்டுக் காக்கைகள் அத்தனையும் ஒரே சமயத்தில் பறந்தன. நான் மாதக்கணக்கில் விரட்டினாலும் அப்படிப் பறந்திருக்காது. நைனா துடைப்பத்தில் மண்ணெண்ணெயை நனைத்துக்கொண்டு கிளம்ப, சித்தி சாய்ப்புக்குக் குறுக்கே போய் நின்றாள். "மாமா, வேணாம் மாமா" என்று அவள் சொன்னது அவ்வளவுதான். நைனா அவள் முகத்தைப் பார்த்துவிட்டுத் துடைப்பத்தைக் கீழே போட்டார்.

அடுத்தது சித்தப்பா. கண் இமையில் கொட்டு. ஒரு கண் மூடி, ஒரு கண் திறந்து, இரண்டு நாள் ஊரைச் சுற்றினார். ஏலத்தில் ஆள் ஆளுக்குக் கேலி. "இன்னாபா, பொண்டாட்டி சாத்திட்டாளா?" சித்தப்பா சிரித்துக்கொண்டே, "ஆமா, நல்லா சாத்திட்டா" என்பாராம். அம்மாவுக்குத்தான் சந்தேகம் வந்தது. "மண்ணுக் குளவி ஒத்தையாத்தான வரும். இது இன்னா கும்பலா கீது?" என்று சித்தியிடம் கேட்டாள். "நல்லது கூட்டமா வரக் கூடாதாக்கா?" என்று சித்தி சிரித்தாள். அவள் சிரிப்பு மறுபடியும் ஏலம் போடுகிற இடம்வரைக்கும் கேட்கத் தொடங்கியிருந்தது. அந்த மாதம் அவள் எனக்கு இரட்டைப் பின்னல் போட்டாள், ரிப்பன் வைத்தாள், என்னவோ பாட்டெல்லாம் பாடினாள். இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு அதுதான் ரொம்ப சந்தோஷமான லீவு.

படகு தயாராகிவிட்டது. விரிசலை அடைத்து, புதுப் பெயிண்ட் அடித்து, நாள் பார்த்தார்கள். இன்ஜினை எடுக்க வேண்டும். சித்தி சித்தப்பாவிடம் என்ன சொன்னாளோ, நாள் சரியில்லை என்று அவர் தள்ளிப் போட்டுவிட்டார். சொந்தப் படகைக் கரையில் வைத்துவிட்டு, விடியற்காலையில் இன்னொருத்தர் படகில் கூலிக்குப் போனார். படகு வைத்திருக்கிறவன் அடுத்தவன் படகில் வலை இழுப்பது எங்கள் ஊரில் சாதாரண விஷயம் இல்லை. பார்க்கிறவர்கள் எல்லாம் கேட்டார்கள். குளவிதான் காரணம் என்று தெரிந்ததும் ஊரே விழுந்து விழுந்து சிரித்தது. சித்தப்பா மறுநாளும் கூலிக்குப் போனார்.

பள்ளிக்கூடம் திறக்க இரண்டு நாள் இருக்கும்போது இரண்டாவது நல்ல நாள் வந்தது. படகுக்கு மாலை போட்டாகிவிட்டது. பூசணிக்காய், தேங்காய், கற்பூரம் எல்லாம் ரெடி. அத்தை பட்டுப் புடவையில் வந்தாள். பாதி ஊர் வந்திருந்தது. இன்ஜின் மட்டும் சாய்ப்பிலேயே இருந்தது. சித்தி வாசலில் நின்று, இன்னும் ஒரு பத்து நாள் போகட்டுமே என்று மெல்லிய குரலில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"குளவிக்குப் பயந்துகினு படகு இறக்காத ஊரு எங்கனா உண்டா?" என்றாள் அத்தை. "நவுரு. அந்த மண்ண நானும் ஒரு தபா பாக்கறேன்."

யாரும் தடுப்பதற்குள் சாய்ப்புக்குள் போய், வலையை விலக்கி, தார்ப்பாயின் நுனியைப் பிடித்து ஒரே இழுப்பு இழுத்தாள்.

அதற்குப் பிறகு நடந்ததை வரிசையாகச் சொல்ல என்னால் முடியாது. கொர்ரென்று ஒரு சத்தம். காற்றே மஞ்சளாகிவிட்டது. எங்கள் ஜனத்துக்கு ஆபத்து என்றால் ஓடத் தெரிந்த இடம் ஒன்றுதான். அத்தனை பேரும் கடலைப் பார்த்து ஓடினோம். அத்தை பட்டுப் புடவையோடு அலையில் விழுந்தாள். நைனா இன்னொரு காதிலும் வாங்கிக்கொண்டு அவளுக்குப் பக்கத்தில் விழுந்தார். பூசாரி கற்பூரத் தட்டோடு இறங்கி, தட்டைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு கழுத்தளவுத் தண்ணீரில் நின்றார். எனக்கு முதுகில் இரண்டு, பிடரியில் ஒன்று. தண்ணீருக்குள் முங்கி முங்கி எழுந்தபோதுதான், சித்தி வரவில்லை என்று தெரிந்தது.

அவள் சாய்ப்பில் இருந்தாள். முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு, இன்ஜின்மேல் குனிந்து, இரண்டு கையாலும் எதையோ தேடிக்கொண்டிருந்தாள். சைலன்சருக்குள் விரலை விட்டுப் பார்த்தாள். அடியில் பார்த்தாள். பின்னால் பார்த்தாள். குளவிகள் அவள் கை மேலும் முதுகு மேலும் உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்தன. அவள் ஒன்றைக்கூடத் தட்டிவிடவில்லை. சித்தப்பா தண்ணீரிலிருந்து எழுந்து ஓடி, ஈரத் துண்டை அவள்மேல் போர்த்தி, அப்படியே தூக்கிக்கொண்டு வந்தார். வரும்போது அவருக்கும் மேலுதட்டில் விழுந்தது.

குளவிகள் அடங்கின பிறகு எல்லோரும் போய்ப் பார்த்தோம். டீசல் டேங்கின் அடியில் சாம்பல் நிறத்தில், காகிதத்தால் செய்த மாதிரி, கண் கண்ணாக ஓட்டை வைத்த ஒரு கூடு தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு சின்னத் தட்டு அகலம் இருக்கும். மண் என்று ஒரு சிட்டிகைகூட எங்கும் இல்லை.

அத்தை பட்டுப் புடவையைப் பிழிந்துகொண்டே கேட்டாள். "மண்ணும் காணோம், மண்ணாங்கட்டியும் காணோம். யாரு பாத்தது மண்ண? யாரு சொன்னது?"

அம்மாவின் கைக்கு எட்டாத தூரத்துக்கு நகர்ந்தேன். சித்தி என் பக்கம் திரும்பவே இல்லை.

"நான்தான் பாத்தேன் அண்ணி" என்றாள். "என் கண்ணால பாத்தேன். வாயில மண்ணு எடுத்துனு போச்சி."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். பாவம், பிள்ளை ஏக்கத்தில் கண்டதெல்லாம் தெரியுது என்று ஒரு குரல் கேட்டது. சித்தி வீங்கிய கைகளை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு நின்றாள். அப்போது சித்தப்பா பேசினார். உதடு தொங்கிக்கொண்டிருந்ததால் பேச்சு குழறியது.

"நானும்தான் பாத்தேன்க்கா. மண்ணு எடுத்துனுதான் போச்சி."

"நீ எப்படா பாத்தே?"

"தெனம் பாத்தேன்." பிறகு சித்தி பக்கத்தில் வந்து நின்று, "இனிமே எங்கூட்டுல அந்தப் பொண்ணு பேச்சு வாணாம்க்கா. ஆடிக்கும் வாணாம், தைக்கும் வாணாம்" என்றார்.

யாரும் சிரிக்கவில்லை. அத்தை புடவையைத் தூக்கிப் பிடித்தபடி தன் வீட்டுக்கு நடந்தாள். அதற்குப் பிறகு அவள் அந்தப் பேச்சை எடுத்து நான் கேட்டதில்லை. சித்திக்கும் சித்தப்பாவுக்கும் பிள்ளை பிறக்கவில்லை. இருவரும் இன்றும் அதே வீட்டில், அதே சுவருக்கு அந்தப் பக்கம்தான் இருக்கிறார்கள். நான் ஊருக்குப் போக ஒரு மாதம் தாமதமானால் சித்தி போன் போட்டு வாங்கு வாங்கென்று வாங்குவாள். அந்த நாளுக்குப் பிறகு குளவியைப் பற்றி நாங்கள் பேசியதே இல்லை. நானாக எடுத்து மன்னிப்புக் கேட்க எத்தனையோ தடவை நினைத்திருக்கிறேன். வெட்கம் விடவில்லை.

குளவிகள் கலைந்த அன்றைக்கு மத்தியானமே படகு இறங்கியது. சாயங்காலம் அம்மா ஒரு கிண்ணத்தில் சுண்ணாம்பைக் குழைத்து என்னிடம் கொடுத்து, சித்திக்குத் தடவிவிடச் சொன்னாள். சித்தி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கை, கழுத்து, நெற்றி என்று இடமே இல்லாமல் வீங்கியிருந்தது. நான் ஒவ்வொரு வீக்கமாகத் தேடித் தேடி வெள்ளைப் பொட்டு வைத்தேன். மனசுக்குள் ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. நான் மண்ணைப் பார்க்கவில்லை என்பது எனக்குத் தெரியும். ஆனால் சித்தி பார்த்திருக்கிறாள். சித்தப்பாவும் தினம் பார்த்திருக்கிறார். இரண்டு பெரியவர்கள் பார்த்திருக்கிறார்கள் என்றால் மண் இருந்திருக்கத்தானே வேண்டும்? அப்படியென்றால் நான் சொன்னது பொய்யே இல்லை. இது புரிந்ததும் எனக்குத் தாங்க முடியாத சந்தோஷம் வந்துவிட்டது.

"பாத்தியா சித்தி," என்றேன், "நான் சொன்னது நெசந்தான். நீயும் பாத்திருக்க, சித்தப்பாவும் பாத்துக்கீது."

சித்தி என் கையிலிருந்த கிண்ணத்தை வாங்கிக் கீழே வைத்தாள்.

"நெசந்தாண்டி கண்ணு" என்றாள். "நீ இன்னாத்துக்குப் பொய் சொல்லப் போறே."

சொல்லிவிட்டு, சுண்ணாம்புக் கையோடு என்னை இழுத்து அணைத்துக்கொண்டாள். அவள் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. சுண்ணாம்பு கண்ணில் பட்டுவிட்டது போலிருக்கிறது என்று நினைத்து, ஊதிவிடட்டுமா என்று கேட்டேன். ஊது என்றாள். ரொம்ப நேரம் ஊதினேன். அது நிற்கவே இல்லை.